ஒரே எண் போட்ட துப்பாக்கி

வெர்னா ஸ்டிதம் காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள்; மாலையில் வீட்டுக் கொட்டகையில் துப்பாக்கி பழுது பார்ப்பாள். எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் அவள் கை படாத துப்பாக்கி குறைவு. வாய்க்கும் அவளிடம் வஞ்சனையில்லை. அடுத்த வீட்டுக்காரி நான்; அவள் ஏச்சைக் கேட்டுத்தான் எனக்குப் பொழுது விடியும்.

அவள் தம்பி ஆர்வில் ஒருநாள் செத்துப்போன அப்பாவின் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தான். ஜெர்மனியில் சண்டை முடிந்து திரும்பும்போது அவர் எடுத்துவந்தது. விசையை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை வெடிக்கிறது என்றான். வெர்னா பிரித்துப் பார்த்தாள். தோட்டாவைக் குத்தும் ஊசியைப் பிடித்து நிறுத்துகிற சின்னத் தகட்டின் முனை தேய்ந்து மழுங்கியிருந்தது. புதுத் தகடு போட்டாள், சுட்டுப் பார்த்தாள், பழையதை ஒரு பையில் போட்டு அவன் கையிலேயே கொடுத்தாள். கழற்றிய பாகம் உடையவனுக்கே என்பது இங்கே வழக்கம். இல்லாவிட்டால் திருட்டுப் பட்டம் வரும். அதை மறுபடி மாட்டினால் விசையைத் தொடாமலே வெடிக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

கேட்டானா? துப்பாக்கிச் சந்தை வந்தது. அந்தத் துப்பாக்கியில் பாகத்துக்குப் பாகம் நாற்பத்தேழு என்று பொறித்திருக்கும். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால்தான் பழசு சேர்ப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். புதுத் தகட்டில் எண் இல்லை. அதனால் அந்த மடையன் பழைய தகட்டை எடுத்து மாட்டிக்கொண்டு விற்கக் கிளம்பினான். அதோடாவது விட்டானா? வெறும் துப்பாக்கியோடு வழிப்பயணம் போவது ஆண்பிள்ளைக்கு அழகில்லையாம். வண்டியில் உட்கார்ந்தபடி தோட்டாவை ஏற்றினான். தோட்டா உள்ளே போய்த் துப்பாக்கி மூடிய உடனே வெடித்தது. பக்கத்தில், மடியில் சோளரொட்டித் தட்டோடு அவன் மனைவி லோரீன். முழங்காலுக்குக் கீழே எலும்பு தூள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆர்வில் பேசியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"பழச நீ ஏன்க்கா என் கையில குடுத்த? குடுத்ததாலதான மாட்டுனேன்."

"உன் கையில குடுத்தேன் பாரு, அது என் தப்புதான்டா," என்றாள் வெர்னா. "நாய் வாயில குடுத்திருந்தா மோந்து பாத்துட்டு கீழ போட்டிருக்கும்."

அப்புறம் அவள் அவனோடு பேசவில்லை. அவனோ திருந்தவும் இல்லை. துப்பாக்கியை அதே தகட்டோடு படுக்கையறை மேஜையில் வைத்துக்கொண்டு அடுத்த சந்தைக்குக் காத்திருந்தான். குண்டு பட்டவள் அதன் பக்கத்திலேயே தூங்க வேண்டும். இவனெல்லாம் ஒரு புருஷன்!

பனி உருகியதும் லோரீன் ஊன்றுகோலில் தத்தித் தத்திக் கொட்டகைக்கு வந்தாள். பிஸ்கட் டின்னில் துப்பாக்கி இருந்தது.

"புதுத் தகட்ட மாட்டிக் குடுங்க அண்ணி. அந்த வீட்டுல எனக்குக் கண்ண மூட முடியல. அதுல எல்லா நம்பரும் ஒண்ணாத்தான் இருக்கு. என் ரெண்டு காலுதான் ஒண்ணா இல்ல."

நான் அழுதுவிட்டேன். வெர்னா அழவில்லை. முகம் சிவக்கப் பழைய தகட்டைக் கழற்றி வேறொரு புதியதை மாட்டினாள். பழையதைப் பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியலை லோரீனிடம் நீட்டினாள். லோரீன் ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினாள். நாற்பத்தேழு அழிந்து, தகடு நசுங்கி, அடையாளமே தெரியாமல் போகும் வரைக்கும் அடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

நசுங்கியதைத் துடைத்துப் பையில் போட்டு வெர்னா அவளிடம் கொடுத்தாள்.

"கழட்டுன பாகம் உடையவனுக்குத்தான். கொண்டுபோய் அவன் கையிலயே குடு."