நாற்பத்திரண்டு கடைகள்

பிஸ்கட் கம்பெனி முதன்முதலில் என் கையில் கொடுத்த பொருள், மஞ்சள் பெயின்ட் அடித்த ஓர் இரும்பு ஸ்டாண்ட். நெஞ்சு உயரம், ஐந்து தட்டு, உச்சியில் சிரிக்கிற குழந்தை படம். 2005இல் சிதம்பரம் மேலவீதி மளிகைக் கடை ஒன்றின் வாசலில் அதை இறக்கி வைத்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் எதனா குடுக்கணுமா?" என்று கேட்டார். "நாங்கதாங்க உங்களுக்கு மாசாமாசம் வாடகை தருவோம். ஆனா கடையில வேற ரஸ்க் தொங்கக் கூடாது" என்றேன். தலைக்கு மேலே கயிற்றில் தொங்கிய ரஸ்க் பைகளை அவர் நிமிர்ந்து பார்த்தார். அவை என் தாய்மாமன் போட்ட சரக்கு. கடைக்காரர் நீளக் கொம்பை எடுத்து ஒவ்வொரு பையாக இறக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

மாமாவின் ரஸ்க் பேக்டரி கடலூர் முதுநகரில், ஜங்ஷனுக்குப் பின்பக்கம் இருந்தது. பேக்டரி என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. உண்மையில் அது ஓட்டுக் கொட்டகை, ஒரு பெரிய விறகு அடுப்பு, பதினொரு ஆட்கள். பி.காம். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த இரண்டு வருஷமும் அவருடைய மொபெட்டில் நான்தான் கடைகளுக்குச் சரக்குப் போட்டேன். சிப்காட் வாசல் டீக்கடைகளில் தொடங்கி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் வரை நாற்பத்திரண்டு கடைகள். எந்தக் கடைக்காரர் காலையில் பேச மாட்டார், யாரிடம் நமுத்துப்போன சரக்கை முகம் சுளிக்காமல் திரும்ப வாங்க வேண்டும், எந்தக் கடையில் மனைவி வைத்ததுதான் சட்டம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வேலைக்கு நேர்காணல் போன இடத்தில் ஏரியா மேனேஜர் வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தி, "தெரிஞ்ச கடையெல்லாம் எழுதுங்க" என்றார். எழுதினேன். வேலை கிடைத்தது.

"பெரிய கம்பெனி, பி.எஃப். எல்லாம் புடிப்பாங்க. போ மாப்ள" என்றுதான் மாமா சந்தோஷப்பட்டார். "அவுங்க பிஸ்கட்டு விக்கிறவங்க, நாம ரஸ்க்கு. நமக்கும் அவுங்களுக்கும் என்ன போட்டி?" கம்பெனி அந்த வருஷமே ரஸ்க்கில் இறங்கப்போகிறது என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

எங்கள் கம்பெனி ரஸ்க் வந்தபோது இரண்டு பாக்கெட் எடுத்தால் ஒன்று இலவசம். மாமா ஒரு பாக்கெட்டை வாங்கிவந்து பிரித்து, ஒன்றைக் கடித்துப் பார்த்து, "மைதா வாங்குற காசுக்கே இது கட்டாதே. எப்படிடா விக்கிறாங்க?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். இந்த ஊரில் நட்டப்பட்டால் கம்பெனிக்கு ஈடுகட்ட நூறு ஊர் இருந்தது. மாமாவுக்கு இருந்தது இந்த ஒரு ரோடுதான். இரண்டே வருஷத்தில் கடைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. பதினொரு பேர் நாலு பேரானார்கள். பொங்கலுக்கு நான் துணி எடுத்துக்கொண்டு போன அன்று அத்தை வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்: "நம்ம லைன் கடையா பாத்து பாத்து போறாங்களே, அவுங்களுக்கு எப்படிடா தெரிஞ்சுது?" நான் துணிப்பையை நீட்டினேன். உள்ளேயிருந்து மாமா, "ரோட்டு மேல இருக்குற கடை. கண்ணு இருக்குறவனுக்குத் தெரியாதா? புள்ளய உள்ள உடு" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

2008இல் கம்பெனியே அவரைத் தேடி வந்தது. மாமா ரஸ்க் போட்டுத் தர வேண்டும், எங்கள் உறையில் எங்கள் பெயரில் விற்கும். மேனேஜரிடம் மன்றாடி அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். பாவத்தைக் கழுவிவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன். ஒரே நிபந்தனை, விறகு அடுப்பு கூடாது, கரன்ட்டில் ஓடும் ஓவன் வாங்கிப் போட வேண்டும். அடுப்பை இடித்த அன்று மாமா ஒரு செங்கலைக் கையில் எடுத்துப் பார்த்தார். நெருப்பை அணைத்து இரண்டு நாள் ஆகியும் அதில் சூடு இருந்தது. அதன்பின் ஏறக்குறைய மூன்று வருஷம் நாற்பத்திரண்டு கடைகளிலும் மறுபடி அவருடைய ரஸ்க் விற்றது, அவர் பெயர் இல்லாமல். பிறகு சென்னைக்குப் பக்கத்தில் கம்பெனியின் புது பேக்டரி திறந்தது. இனி சரக்கு வேண்டாம் என்று மாமாவுக்கு மூன்று வரியில் ஒரு கடிதம் வந்தது. அதை ஆங்கிலத்திலிருந்து தமிழில் படித்துச் சொன்னவனும் நானே.

அந்த வருஷக் கூட்டம் சென்னையில், குளிரூட்டிய ஹோட்டல் ஒன்றில் நடந்தது. லாபம் ஏன் ஏறியது என்று பெரிய அதிகாரி மேடையில் விளக்கினார்: "விலையை நாம் தொடவில்லை, எடையைத்தான் தொட்டோம்." எங்கள் பாக்கெட்டில், மாமாவின் ரஸ்க் போட்டிக்கு இருந்தவரை பன்னிரண்டு துண்டு இருந்தது. பிறகு பத்தானது. அப்போது ஒன்பது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

2011 முடிகிற நேரத்தில் தானே புயல் அடித்தது. கரன்ட் கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. பாலில்லை, ரொட்டியில்லை. கடைகளில் இருந்தது முதல் நாளிலேயே தீர்ந்துபோனது. கம்பெனி லாரி வரச் சாலை இல்லை. முதுநகர் சனங்களுக்குப் பழைய ஞாபகம் வந்து மாமா வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், "எதனா போட்டுத் தாங்கண்ணே, விறகு நாங்க கொண்டாரோம்" என்று கெஞ்சினாள். ஊரெங்கும் விறகுதான் கிடந்தது. தெருவுக்குத் தெரு மரம் சாய்ந்திருந்தது. "அடுப்பு இல்லம்மா, இடிச்சிட்டேன்" என்றார் மாமா. திரும்பத் திரும்ப, வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார்.

நாலாம் நாள் லாரி வந்தது. இரண்டுக்கு ஒன்று இலவசத் திட்டம் இந்த வாரமாவது உண்டா என்று மேனேஜருக்கு போன் போட்டுக் கேட்டேன். "இப்ப எதுக்கு? எப்படியும் வாங்குவாங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். லாரிக்குப் பின்னால் வரிசை நின்றது. அதில் மாமாவும் நின்றார். அவர் முறை வந்தபோது இரண்டு பாக்கெட்டை நீட்டி, "காசு வேணாம் மாமா" என்றேன். "பில்லு போடு மாப்ள. நாளைக்கி உன்னத்தான் கேப்பாங்க" என்று ரூபாயை என் கையில் வைத்து அழுத்தினார். வாங்கியதை அந்தக் கைக்குழந்தைக்காரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

இன்று அந்த ரோட்டில் எந்தக் கடையில் ஏறினாலும் மூன்று பெயரில், மூன்று நிற உறையில் ரஸ்க் இருக்கிறது. மூன்றும் எங்கள் கம்பெனியின் ஒரே பேக்டரிதான். முன்பு கடைக்காரர்கள் என்னிடம் பேரம் பேசுவார்கள், திட்டுவார்கள், "உன் சரக்கு வேணாம், எடுத்துக்கினு போ" என்பார்கள். இப்போது நான் சொல்லும் விலையைக் குறித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் புயல் மாத விற்பனையைக் காட்டித்தான் அப்போது எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். மாமாவிடம் சொல்லாமல் இருக்க முடியாதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். "நல்லது மாப்ள" என்றார். அவர் குரலில் கோபத்தைத் தேடினேன், இல்லை. அத்தை மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். டீயில் தொட்டுக்கொள்ள ரஸ்க் எதையும் வைக்கவில்லை.