ரெண்டு விரல் இடது

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காசிக்குப் போவார்கள், இல்லையென்றால் சர்க்கரைக்குப் பயந்து பூங்காவைச் சுற்றுவார்கள். லிங்கராஜபுரம் ஸ்வர்ணா துப்பாக்கி வாங்கக் கிளம்பினாள். கார்மென்ட்ஸ் கம்பெனியில் இருபத்தொன்பது வருஷம், சட்டைத் தையல் நூல் பிசகாமல் ஓடுகிறதா என்று பார்த்த செக்கர் அவள். வழியனுப்பு விழாவில் மூன்று சுவர்க் கடிகாரங்கள் கொடுத்தார்கள். இனிமேல் நேரம் பார்த்து என்ன செய்வதாம்!

"அம்பத்தெட்டு வயசுல யாரைம்மா சுடப் போற? என்னை மட்டும் விட்டுடு" என்றார் கணவர் சண்முகம்.

"ஏர் பிஸ்டலுங்க. அட்டையில வட்டம் போட்டுச் சுடறது. சும்மா வாங்க."

அவர் கேலி செய்துகொண்டே ஸ்கூட்டரை எடுத்தார். அவளுக்கோ இது விளையாட்டு இல்லை. நாற்பது வருஷத்துச் சந்தேகம் ஒன்றை இன்று தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்வர்ணாவின் அப்பா முனிராஜ் பலூன் சுடும் கடை வைத்திருந்தவர். செப்டம்பரில் சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா, பிறகு அல்சூர்த் தேர், கரகம் என்று எங்கே கூட்டமோ அங்கே அவருடைய பலகை நிற்கும். பலூன் ஊதி ஊதி அவள் கன்னம் வலிக்கும். கடையில் நீளத் துப்பாக்கி இரண்டு, கைத்துப்பாக்கி ஒன்று. நீளத் துப்பாக்கிகள் யோக்கியமானவை, சின்னப் பிள்ளைகளுக்கு அப்பா அதைத்தான் கொடுப்பார். சினிமா கதாநாயகன் போல ஒரு கையை நீட்டிச் சுட ஆசைப்படும் வாலிபர்களுக்குக் கைத்துப்பாக்கி. அதன் முனையிலிருக்கும் குறிமுள்ளை அப்பா சின்னச் சுத்தியலால் தட்டி வைத்திருந்தார். எங்கே குறி வைத்தாலும் ரவை ரெண்டு விரல் வலது பக்கம் தள்ளித்தான் போகும்.

துப்பாக்கி சரியில்லை என்று எவனாவது சண்டைக்கு வந்தால், "ஸ்வர்ணா, அண்ணனுக்குச் சுட்டுக் காமி" என்பார். பலூனுக்கு இடது பக்கம் ரெண்டு விரல் தள்ளி அவள் குறி வைப்பாள். பட், பட், பட்! பத்துக்குப் பத்து. கூட்டம் வாயைப் பிளக்கும், அந்த ஆளும் இன்னும் பத்து ரவை வாங்குவான். ஏமாற்று வேலைதான். ஆனால் அப்பா தோளில் தட்டும்போது அவளுக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அது கலப்படமில்லாதது.

அவளுக்குப் பதினாறு வயதானபோது ஒருத்தன் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டான். "ஓனர் பொண்ணுக்கு வளைஞ்ச துப்பாக்கி பழக்கம். நேரானதைக் குடு, ஒரு பலூன் உடைப்பாளா பார்க்கலாம்!" என்று கத்திவிட்டுப் போனான். கடையைக் கட்டும்போது அவள் கேட்டாள்: "நேரானதுல எனக்கு வராதாப்பா?" அப்பா சிரித்துக்கொண்டே பலகையைக் கழற்றினார். நேரான கைத்துப்பாக்கி அவர்களிடம் இருந்ததே இல்லை. அடுத்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். பலகையும் துப்பாக்கிகளும் யார் கைக்கோ போயின.

பிரேசர் டவுன் மாடிக் கடையில் சுஹாஸ் என்கிற கடைக்காரர் மூன்று பிஸ்டல்களைக் கண்ணாடி மேல் வைத்தார். முதலாவது கேஸ் சிலிண்டரில் ஓடுவது, பார்க்க நிஜத் துப்பாக்கி மாதிரி. "சிலிண்டர் தீரத் தீர வாங்கணும் ஆன்ட்டி." இரண்டாவது போட்டிக்காரர்களுடையது, விலையைக் கேட்டதும் சண்முகம் நாற்காலியைத் தேடினார். மூன்றாவது ஸ்பிரிங் வைத்தது, ஒவ்வொரு முறையும் குழாயை மடக்கி இழுக்க வேண்டும். "பிகினர்ஸுக்கு இதுதான் சரி. ஆனா கொஞ்சம் டைட்டு, உங்களால..."

அவர் முடிப்பதற்குள் ஸ்வர்ணா அதைத் தொடையில் ஊன்றி ஒரே இழுப்பில் மடக்கினாள். சுஹாஸ் சண்முகத்தைப் பார்த்தார். சண்முகம் கூரையைப் பார்த்தார்.

கடையின் பின்னால் சுட்டுப் பார்க்க நீளமான அறை. கோடியில் கறுப்பு வட்டம் போட்ட அட்டை. ஸ்வர்ணா மூச்சைப் பிடித்து ஐந்து ரவை சுட்டாள். அட்டையைக் கொண்டுவந்து பார்த்தால் வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. அன்றைக்குக் கத்திவிட்டுப் போனவன் சொன்னது சரிதான் போலிருக்கிறது.

"அட, இதைப் பாருங்க ஆன்ட்டி!" என்றார் சுஹாஸ். ஐந்து ஓட்டைகளும் வட்டத்துக்கு இடது பக்கம், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, ஒரு சட்டைப் பொத்தான் அளவு இடத்தில். அவரே அதே பிஸ்டலால் ஒன்று சுட்டார். நடுவில் போய் விழுந்தது. "பிஸ்டல் நேராத்தான் இருக்கு. நீங்க எங்கே குறி வெச்சீங்க?"

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ரெண்டு விரல் இடது. அப்பாவின் துப்பாக்கியை அவள் கை இன்னும் சரிசெய்துகொண்டிருக்கிறது.

"பரவால்ல ஆன்ட்டி, பின்னாடி ஸ்க்ரூ இருக்கு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணா உங்க கைக்கு வந்துடும்."

ஸ்க்ரூவைத் திருப்பினால் இந்தத் துப்பாக்கியும் அப்பாவுடையதாகிவிடும். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது! கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். நேராவே இருக்கட்டும்."

புது அட்டை. கை தானாக இடது பக்கம் போயிற்று. அதை இழுத்து நடுவில் நிறுத்தினாள். அப்பாவை வாசலில் நிற்கவைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே வந்தது போல மனசு கிடந்து அடித்துக்கொண்டது. விசையை அழுத்தினாள். கறுப்புக்குள் விழுந்தது. அடுத்ததும் கறுப்பு. ஐந்தாவது நட்டநடுவில்.

சண்முகம் எழுந்து கை தட்டினார். கேலியே இல்லை.

பில் போட்டு, ஆதார் நகல் கொடுத்து, பெட்டியை வாங்கியபோது சுஹாஸ் இரண்டாவது அட்டையை நீட்டினார். "ஃபிரேம் போட்டு மாட்டுங்க ஆன்ட்டி."

"இது இங்கேயே இருக்கட்டும், நான் இனிமே நெறைய சுடுவேன்" என்றாள் ஸ்வர்ணா. "அந்த மொதல் அட்டையைக் குடுங்க. அது எங்கப்பாவோடது."