மூன்று சிலிண்டரும் ஒரே பச்சை

சோடாக்காரிக்கு வாய் நீளம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார் அவள் புருஷன் வெல்டர். வாய் நீளமில்லாமல் அந்த ஆளோடு குடும்பம் நடத்த முடியுமா?

இருவருக்கும் ஒரே கொட்டகை. இந்தப் பக்கம் அவள் சோடா போடுவாள், அந்தப் பக்கம் அவர் பொறி பறக்க இரும்பை ஒட்டுவார். நடுவில் சிலிண்டர்கள்: அவளுடைய சோடா கேஸ் ஒன்று, அவருடைய ஆக்சிஜனும் ஆர்கானும். வாசல் கேட்டுக்கு அடித்த பச்சை பெயிண்ட் மிஞ்சியதும், வீணாய்ப் போகிறதே என்று மனுஷன் மூன்று சிலிண்டருக்கும் பூசிவிட்டார். எழுத்தும் போச்சு, அடையாளமும் போச்சு. எல்லாம் பழைய சிலிண்டர்கள், திருகு கூட ஒரே மாதிரி.

மறுநாள்தானா கேன்டீன்காரர் வந்து நிற்கணும்? ஒரு பாட்டில் குடித்துப் பார்ப்பார். பிடித்தால் வருஷம் முழுக்க ஆர்டர் இவளுக்கு, இல்லையென்றால் எதிர்த்தெருக் கடைக்கு.

"யோவ், எதுல சோடா கேஸ் இருக்கு?"

"மோந்து பாரேன்."

"மூணுக்கும் வாசனை கிடையாது. உன் மூளை மாதிரி, இருக்குன்னு நம்பிக்க வேண்டியதுதான்."

உள்ளேயிருந்து மாமியார் குரல்: "என் புள்ளை அழகாப் பூசியிருக்கான். பாராட்ட மனசு வருதா பாரு!"

"பாராட்டுறேன் அத்தை. முதல்ல அவரு வாய்க்கு ஒரு கோட்டிங் குடுத்துட்டு வர்றேன்."

பள்ளிக்கூடத்தில் படித்ததில் அவள் மண்டையில் தங்கியது கேஸை அடையாளம் காணும் பாடம் ஒன்றுதான். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் கொஞ்சம் கேஸைக் காலி பாட்டிலில் பிடித்து, வாசலுக்குக் கொண்டுவந்தாள். மெல்லிய மரக்குச்சியைக் கொளுத்தி, சுடரை ஊதி அணைத்து, கனல் நுனியை முதல் பாட்டிலுக்குள் விட்டாள். குப்பென்று மறுபடி பற்றிக்கொண்டது.

"இது ஆக்சிஜன். உன் பக்கம் தள்ளு."

இரண்டாவது பாட்டிலில் கனல் பட்டென்று செத்தது. வெல்டர் துள்ளினார். "அவ்வளவுதான்! சோடா கேஸ்தான் நெருப்பை அணைக்கும். போடு சோடாவை!"

"உன் வெல்டிங்குக்கு வாங்குற ஆர்கானும்தான் அணைக்கும்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"பெயிண்ட் அடிச்ச கைக்கு வேற யாரு சொல்லித் தர்றது?"

கேன்டீன்காரர் செருப்பை மாட்டினார். "நான் வேணா கிளம்பட்டுமாம்மா?"

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே" என்றாள். பிடித்த பிடியை விடவில்லை. வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு வாளியில் மேலே தெளிந்து நின்ற தண்ணீரை டம்ளரில் மொண்டு, இரண்டாவது சிலிண்டரின் குழாயை அதில் விட்டாள். குமிழிதான் வந்தது, தண்ணீர் அப்படியே கண்ணாடி மாதிரி இருந்தது. வேறு டம்ளரில் மூன்றாவதின் குழாயை விட்டாள். கண்ணெதிரே பாலாய் வெளுத்தது.

"சுண்ணாம்புத் தண்ணியை வெளுக்க வைக்கிற இதுதான் சோடா கேஸ். உன் பேச்சைக் கேட்டிருந்தா ஆர்கானை அடைச்சிருப்பேன், நாக்குல ஒரு 'சுருக்' கூட இருந்திருக்காது!"

அவசரமாக ஒரு பாட்டில் போட்டு நீட்டினாள். கேன்டீன்காரர் மடமடவென்று குடித்தார். காலி பாட்டிலைக் கீழே வைத்தார். இவள் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். அப்புறம் அவர் வயிற்றிலிருந்து கிளம்பியது பாருங்கள் ஒரு ஏப்பம்! "யாருடா செவுத்தை இடிக்கிறது?" என்று மாமியார் பதறி ஓடிவந்தாள்.

"நாளையிலேருந்து அனுப்பிடும்மா" என்றார் கேன்டீன்காரர், மீசையைத் துடைத்துக்கொண்டே.