பக்கவாட்டு ராஜா

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தேன். சின்ன ர, பெரிய ற எங்கே வரும் என்பது இன்றைக்கும் பிடிபடவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் துணிச்சல் இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.

போன வாரம் ரெங்கத்தில் எங்கள் சங்கத்தார் கூடி, பிள்ளைகளுக்கு நாடகமும் ஆட்டமும் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் தேடினார்கள். மூன்று பேர் வந்தார்கள். "இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. மூவருமே ஊரில் பெரிய நாடகக் கம்பெனிகளில் ராஜா வேஷம் கட்டியவர்களாம். சேவகன் வேஷம் கட்டியவன் ஒருவன்கூடக் கப்பல் ஏறி இந்தப் பக்கம் வரவில்லை போலிருக்கிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு பெரிது.

இதே கேள்வியை இருபது வருஷத்துக்கு முன்பே எங்கள் தோட்டத்தில் ஒருவரிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் இருவர். ஒருவர் பெரிய கங்காணி. ஊரில் தமக்குக் காவிரிக் கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் நஞ்சை என்பார். இன்னொருவர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. சென்னையில் காலேஜ் படித்தவர் என்று அவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மன் கோயில் திருவிழாவுக்கு நாடகம் போட வேண்டும் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

அப்போது புதிதாக இறங்கிய ஆட்களில் ஒருவர், ஒல்லியாக, பாகவதர் மாதிரி முடி வைத்திருந்தார். பால்வெட்டுக் கத்தி அவர் கையில் நிற்கவில்லை. ரப்பர் மரத்தை வெட்டுவதற்குப் பதில் தன் கட்டைவிரலை வெட்டிக்கொள்வார். கங்காணியிடம் தினம் திட்டு. ஒருநாள் கங்காணியும் கிராணியும் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, "நான் கம்பெனியில இருந்தவனுங்க. நான் இல்லாம ஒரு நாடகம்கூட ஆரம்பிச்சதில்லீங்க" என்றார்.

கிராணி பரீட்சை வைத்தார். அந்த மனிதர் ராஜா பாட்டு, ராணி பாட்டு, மந்திரி பாட்டு, கோமாளி பாட்டு எல்லாவற்றையும் வரி பிசகாமல் பாடினார். ஒவ்வொரு காட்சி முடியும்போதும் வாயில் விரலை வைத்து நீளமாக ஒரு சீழ்க்கையும் அடித்தார். "அது சங்கீதத்துல ஒரு நுணுக்கம்" என்று கிராணி எங்களுக்கு விளக்கினார்.

கங்காணி வழி சொன்னார். "நாடகம் நல்லா அமைஞ்சா நீ வாத்தியாரு. கத்தி எடுக்க வேணாம், கோயில்ல வெளக்கேத்திக்கிட்டு வருசா வருசம் நாடகம் போடு. அமையலைன்னா மறுநா காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல பால்வாளியோட வந்து நில்லு."

வாத்தியார் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்.

அரசாட்சியை இழந்து காட்டுக்குப் போகும் ஒரு ராஜாவின் கதை. எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை என்பதால் ராணி ஆக்கினார்கள். ஆட்களை நிமிர்ந்து பார்த்தாலே எனக்கு வேர்த்துக் கொட்டும். அழாத குறையாக அதைச் சொன்னேன். "நீ யாரையும் பாக்க வேணாம்பா. கம்பெனியில யாரும் சனங்களைப் பாத்து நிக்கிறதில்ல" என்றார் வாத்தியார்.

அப்படித்தான் பழக்கினார். சாயங்காலம் பால் நிறுத்து முடிந்ததும், ஆட்கள் உட்காரப்போகும் இடத்தில் தான் நின்றுகொண்டு, எங்களை ஒவ்வொருவராகத் திருப்புவார். "இன்னும் திரும்பு. ஒரு கண்ணு, ஒரு காது தெரிஞ்சாப் போதும். ஆங், இப்பத்தான் ராஜா!" சபையில் பத்துப் பேர் இருந்தாலும் பத்துப் பேரும் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள்போல ஒரே பக்கம் பார்த்து நிற்போம்.

"ஏன் வாத்தியாரே, என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று ராஜா வேஷக்காரன் கேட்டான். ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்கிறவன் அவன்.

"உனக்குக் கம்பெனி முறை தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

கிராணி, "மெட்ராஸ்லயும் அப்படித்தான். நான் பாத்திருக்கேன்" என்றார். அவர் பார்க்காதது எதுவுமில்லை.

திருவிழா அன்று மத்தியானம் பெரட்டுக் களத்தில் மேடை போட்டு, கித்தான் துணியில் படுதா கட்டினோம். அதன் கயிற்றை மட்டும் வாத்தியார் யாரிடமும் கொடுக்கவில்லை. மேடை ஓரத்தில் தானே பிடித்துக்கொண்டு நின்றார். இருட்டியதும் சீழ்க்கை அடித்தார், படுதா சரசரவென்று மேலே போனது. அவ்வளவு அழகாகப் படுதா தூக்கியவரை நான் பிறகு பார்த்ததில்லை.

நாங்கள் சனங்களுக்கு ஒரு காதையும் வாத்தியாருக்கு முழு முகத்தையும் காட்டி நடித்தோம். ராஜா தன் துயரத்தையெல்லாம் கயிற்றடியில் நின்றவரிடம் கொட்டினான். நானும் அவரைப் பார்த்தே அழுதேன். அவர் கயிற்றை விடாமல் தேம்பித் தேம்பி அழுதார். ராஜாவின் முழு முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முடிந்ததும், முன்வரிசையில் இருந்த ஜவுளிக்கடை பாய் எழுந்து மேடையோரம் வந்தார். அவர் நாகப்பட்டணத்துக்காரர். கப்பல் துறைக்குப் பக்கத்திலேயே கடை வைத்திருந்து, பிறகு சிம்பாங் ரெங்கத்துக்கு வந்தவர். வாத்தியாரை உற்றுப் பார்த்தார்.

"அடே! நீ எங்கூருக் கொட்டாயில படுதா இழுத்த பயல்ல?"

வாத்தியார் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அலமாக்! கங்காணியாரே, இவன் வருசக் கணக்கா ஓரத்துல நின்னு ஒரு பக்கமாவே நாடகம் பாத்தவன். அதையே உங்க ஆளுங்களுக்கும் சொல்லிக்குடுத்துட்டான்!"

கங்காணியின் முகம் கறுத்தது. "ஏன்டா, வாளி எங்கடா?" என்று ஆரம்பித்தார். ஆனால் பாய் உற்சாகத்தில் இருந்தார், நிறுத்தவில்லை. "கப்பல் ஏற வர்றவங்க எல்லாரும் நம்ம கடை வாசல்லதான் ஒக்காருவாங்க. யாரு ஊர்ல என்ன வேலை பாத்தாங்கன்னு எனக்குத் தெரியாதா? இவனை விடுங்க, இந்தக் கூட்டத்திலயே எத்தனை பேரு..."

கங்காணிக்கு ஓர் இருமல் வந்தது. அப்படியோர் இருமலை மாட்டுக் கொட்டகையில்கூடக் கேட்க முடியாது. கிராணி ஓடிப்போய் பாய்க்கு ஒரு நாற்காலி போட்டு, கையில் கோப்பிக் கோப்பையும் கொடுத்தார். வாய் அடைபட வேண்டுமே.

இருமல் நின்றதும் கங்காணி தொண்டையைச் செருமினார். "படுதா இழுத்தா என்ன? கம்பெனியில இருந்தவன்தானே? ஒரு பக்கமா நிக்கிறதுதான் மரியாதை. சனங்களை மொறைச்சுப் பாத்துக்கிட்டா ராஜா நிப்பாரு?"

"மெட்ராஸ்லயும் அப்படித்தான்" என்றார் கிராணி.

அதற்குப் பிறகு வாத்தியார் கத்தியைத் தொடவில்லை. சாகும்வரை வருஷம் ஒரு நாடகம் போட்டார், எல்லாமே பக்கவாட்டில். லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்து, கம்பெனி முறை என்று அவர்களும் தங்கள் நாடகங்களில் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டார்கள். என் போன்ற கூச்சக்காரனுக்கு அது பெரிய வசதி. பன்னிரண்டு வருஷம் ராணியாக இருந்தும் ஒரு சனத்தின் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

போன வாரச் சங்கதிக்கு வருகிறேன். முதல் இரண்டு பேரும் எங்களைப் பார்த்து நின்று பாடினார்கள். "அனுபவம் போதலை" என்றார் சங்கத் தலைவர். மூன்றாமவர் எழுந்தார், வேட்டியைச் சரிசெய்தார், மெல்லத் திரும்பி எங்களுக்கு இடது காதைக் காட்டி நின்று, சுவரைப் பார்த்துப் பாட ஆரம்பித்தார். தலைவர் கடைசி பெஞ்சில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா? இதான் கம்பெனியில இருந்த ஆளு" என்றார்.

அவரையே வைத்துக்கொண்டார்கள். நான் வழக்கம்போல வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதினேன்.

வெகுதானிய வருடம், புரட்டாசி மாதம் ஐந்தாம் தேதி.