மூன்று விலைப்புள்ளிகளும் ஒரு கை கிரைண்டரும்

ஒரு பொருளை வாங்குமுன் குறைந்தது மூன்று விலைப்புள்ளிகள் பெற வேண்டும். அவற்றில் மிகக் குறைந்ததை ஏற்க வேண்டும். குறைந்ததைத் தள்ளிவிட்டு வேறொன்றை ஏற்பதானால், அதற்கான காரணத்தைக் கோப்பில் எழுதி மேலதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும். விதியின் இந்தக் கடைசிப் பகுதியை நான் வேலை பார்த்த எந்த அலுவலகத்திலும் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. காரணம் எழுதினால் தணிக்கைக்காரர் வந்து உட்கார்ந்துகொள்வார். எழுதாமல் மலிவானதை வாங்கினால் பொருள் மட்டும்தான் உடையும். பொருள் உடைந்ததற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

கொள்முதல் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். நாற்காலி, மின்விசிறி, குண்டூசி எல்லாம் இந்த விதிப்படிதான் வாங்கினேன். அந்த மின்விசிறிகளின் கீழே உட்கார்ந்து வியர்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே வீட்டுக்கு ஒரு கருவி வாங்க வேண்டி வந்தபோது, அதே விதியைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூரில் அப்போது காலியாக ஓர் அறை வைத்திருப்பது கிட்டத்தட்டக் குற்றம். கார் ஷெட்டில் கட்டிங் மேஜை, மாடிப்படிக்குக் கீழே காஜா மெஷின், மொட்டை மாடியில் கூரை போட்டு செக்கிங் என்று ஊரே ஒரு பனியனுக்குள் புகுந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டின் முன்பாகத்தையும் ஒரு தையல் யூனிட்டுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அதை நடத்தியவர் மங்கலத்தில் தறி ஓட்டிய குடும்பத்துப் பிள்ளை. தறியை விட்டுப் பனியனுக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தது. என் மனைவியை அக்கா என்றும் என்னை சார் என்றும் கூப்பிடுவார்; எங்களுக்கு அவர் தம்பி. பணிவானவர். பணிவாகவே என் வீட்டின் பின்னறையின் மேல் கண் வைத்திருந்தார்.

அந்தப் பின்னறைதான் என் பட்டறை. ஒரு மர மேஜை, மரத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு பட்டறைப் பிடி, ரம்பம், உளிகள், வீடு கட்டியபோது மிஞ்சிய தேக்குத் துண்டுகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் இருப்பேன். அங்கே நான் உருவாக்கியவை என்ன என்று கேட்டால், ஒரு முக்காலி, ஒரு சாவி மாட்டும் பலகை என்று சொல்லலாம். என் மனைவி அந்த முக்காலியில் தானும் உட்கார மாட்டாள், விருந்தாளிகளையும் உட்கார விடமாட்டாள்.

துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இரண்டு போட அந்த அறை கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று தம்பி ஒருநாள் அவளிடம் சொல்லியிருக்கிறார். ஆனி மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் காபியை என் முன்னால் வைத்துவிட்டு அவள் நிபந்தனையைச் சொன்னாள்.

"ஏனுங்க, ஊடு கட்டறப்பவே பூஜை அலமாரிக்குக் கதவு செஞ்சு தர்றேன்னு சொன்னீங்க. தீபாவளிக்குள்ள செஞ்சு மாட்டிட்டீங்கன்னா ரூம்பு உங்களுது. இல்லீன்னா தம்பிக்குக் குடுத்துறலாங்க."

இதில் நியாயக் குறைவு என்று எதையும் காட்ட முடியவில்லை. அறிவிப்பு முறையாகத் தரப்பட்டது. காலக்கெடு தெளிவாக இருந்தது. மேல்முறையீட்டுக்கு அதிகாரி கிடையாது.

அவள் கேட்டது சாதாரணக் கதவு அல்ல. உள்ளே ஏற்றும் விளக்கின் வெளிச்சம் வெளியே தெரிய, கொடி வேலைப்பாட்டோடு துளைத்த பலகைகள் பதித்த இரட்டைக் கதவு. கொடியின் வெளிக்கோட்டை அறுத்துவிடலாம். அதன் உள்வளைவுகளை வழிப்பதுதான் பாடு. உளிக்கு அங்கே இடமில்லை, இருந்தாலும் என் கைக்கும் உளிக்கும் பேச்சுவார்த்தை நல்லபடியாக இல்லை. வீட்டில் இருந்த டிரில்லிங் மெஷினில் ஒரு சின்னச் சாணைக் கல்லை மாட்டிப் பார்த்தேன். அது கையில் பிடித்த சேவல் மாதிரி உதறிக்கொண்டு, ஒரு இலையைக் கொத்திக்கொண்டு போனது. வேகம் போதாது, எடை அதிகம். சுவரில் ஓட்டை போடுவதற்குப் பிறந்ததிடம் இலை நரம்பு கேட்டால் அப்படித்தான்.

எனக்கு வேண்டியது கையில் பேனா மாதிரி பிடிக்கக்கூடிய, வேகமாகச் சுழலும், சின்னச் சின்ன முனைகளை மாற்றி மாட்டக்கூடிய ஒரு கருவி. விசாரித்ததில் மூன்று வகை தெரியவந்தது. ஒன்று, இரும்பு அச்சு செய்யும் பட்டறைகளில் பயன்படும் கை கிரைண்டர். உருண்டையான குழாய் மாதிரி உடம்பு, பின்னால் மோட்டார், முன்னால் முனை. சுவிட்சைப் போட்டால் ஒரே வேகம், முழு வேகம். இரண்டு, தங்க ஆசாரிகள் வைத்திருப்பது. மோட்டார் மேலே கொக்கியில் தொங்கும், அதிலிருந்து வளைந்து கொடுக்கும் ஒரு நீண்ட தண்டு இறங்கும், அதன் நுனியில் பென்சில் பருமனுக்குக் கைப்பிடி. தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்து வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மூன்றாவது, வெளிநாட்டுச் சாமான் கடையில் கிடைத்த ஒரு குட்டி யந்திரம். பார்க்க மிக அழகு. பலகையில் வைத்து அழுத்தினால் வெட்கப்பட்டு நின்றுவிடும்.

விலைப்புள்ளிக்கு எழுதும் முன்பே மனைவி குறுக்கிட்டாள். யூனிட்டின் ஜன்னல் வழியாக அவள் கற்றுக்கொண்டது நிறைய. எந்தத் துணியும் வெட்டு மேஜைக்குப் போகும் முன் ஒரு சாம்பிள் தைத்து, சரக்கு வாங்கும் பையருக்குப் போகும், பையர் சரி என்ற பிறகுதான் மற்றதெல்லாம் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் அதே சட்டம் என்று சொல்லிவிட்டாள். முதலில் ஒரு பலகை. அது பிடித்தால்தான் கருவி வாங்கலாம்.

அதிர்ஷ்டவசமாக அது ஆடி மாதம். கல்யாணம் இல்லை, நகை வேலை இல்லை, தெருமுனை ஆசாரியின் மோட்டார் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. தெரிந்தவன் என்பதால் கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிட்டார். அதை என் பட்டறையின் விட்டத்தில் மாட்டி, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கால் மிதித்தேன். இலை வளைவில் மெதுவாக, தண்டில் வேகமாக. கையில் எடையே தெரியவில்லை. கொடி ஒன்று பலகையிலிருந்து தானாக எழுந்து வந்த மாதிரி வந்தது. என்னாலேயே நம்ப முடியவில்லை. அவள் பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தம்பியிடம் போய் ஒரு அட்டைச் சீட்டு வாங்கிவந்து, ஒப்புதல் பெற்ற சாம்பிள் என்று எழுதி நூலில் கட்டி, பட்டுப்புடவை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஆவணி பிறந்தது. ஆசாரி மோட்டாரைக் கேட்டு வாங்கிப் போய்விட்டார். நான் முறைப்படி வகைக்கு ஒன்றாக மூன்று விலைப்புள்ளிகள் வாங்கினேன். கை கிரைண்டர்தான் ஆகக் குறைவு. கோயமுத்தூர்ப் பட்டறை ஒன்றில் செய்தது. கடைக்காரர் அதை ஓட்டிக் காட்டினார், கடையே அதிர்ந்தது. ஆசாரி வைத்திருந்த வகைதான் ஆக அதிகம். விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்தேன். கை வழக்கமாகப் போகும் பாதையில் போனது என்று சொன்னாலும் சரிதான்.

அந்த கிரைண்டருக்கு என்னைப் பிடிக்கவில்லை. அதன் வயிற்றில் காற்று இழுக்க ஓட்டைகள் இருந்தன. முன்னறையில் ஓவர்லாக் மெஷின்கள் கக்கும் பஞ்சுத் தூசி வீடு முழுக்க மிதக்கும். அதை அது ஆசையாக உள்ளே இழுத்து, சற்று நேரத்தில் தீய்ந்த வாசனை விடும். கழற்றி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்து, மறுபடி மாட்ட வேண்டும். அதைவிட மோசம், யூனிட்டின் டீ நேரம். முன்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நிற்கும். அதுவரை சோர்ந்திருந்த கரண்ட் சட்டென்று ஏறும். என் கையில் இருக்கும் கிரைண்டர் சாமி வந்த மாதிரி ஊளையிட்டுக்கொண்டு தேக்கைப் பொசுக்கிவிடும். வேகத்தைக் குறைக்க அதற்குக் காலும் இல்லை, மனசும் இல்லை. இலைகளின் ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. கொடி கொஞ்சம் உடம்பு போட்டுவிட்டது. பாலிஷ் போட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று நான் எனக்கே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன்.

புரட்டாசி முதல் வாரத்தில் பலகைகள் முடிந்தன. நான் அவற்றைச் சமையலறை மேஜையில் அடுக்கிக் காட்ட நினைத்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பீரோவைத் திறந்து சாம்பிளை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை என்னைத் தூக்கி வரச் சொல்லி, நேராக யூனிட்டின் செக்கிங் மேஜைக்கு நடந்தாள். அங்கே குழல்விளக்கு தலைக்கு மேலேயே எரியும். அதற்கடியில் எதையும் மறைக்க முடியாது. செக்கிங் பெண்கள் எழுந்து இடம் விட்டார்கள். பழுது இருக்கும் இடத்தைக் காட்ட அவர்கள் துணியில் ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் சுருளை அவள் கையில் எடுத்துக்கொண்டாள்.

பிறகு நடந்ததை விவரிப்பது எனக்கு இன்றும் இனிப்பாக இல்லை. ஒவ்வொரு பலகையையும் சாம்பிளோடு சேர்த்து வைத்து, விரலால் தடவி, கருகிய ஓரத்துக்கு ஓர் அம்பு, பருத்த தண்டுக்கு ஓர் அம்பு, மூக்குடைந்த இலைக்கு ஓர் அம்பு என்று ஒட்டிக்கொண்டே போனாள். கடைசியில் கொடியைவிட அம்புகள்தான் அடர்த்தியாக இருந்தன.

"இதென்னங்க, சாம்பிள் ஒண்ணு, சரக்கு ஒண்ணா?" என்றாள்.

யூனிட்டில் ஒரு கணம் மெஷின்கள் நின்றன. அந்தக் கேள்வியை அந்த ஊரில் யாரைப் பார்த்துக் கேட்டாலும் கைவேலையை விட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நல்ல நூலில் சாம்பிள் தைத்து, மலிவான நூலில் சரக்கு அனுப்பி, துறைமுகத்திலிருந்து திரும்பி வந்த பெட்டிகளைப் பார்த்து அழுதவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். தம்பியே போன வருடம் ஒரு முறை பட்டவர். அதனால்தானோ என்னவோ அவர் எனக்காகப் பரிந்து பேச முயன்றார்.

"விடுங்கக்கா. செகண்ட்ஸா எடுத்து காதர்பேட்டையில எடைக்குப் போட்டுறலாங்க சார்."

பழுதான பனியன்கள் மலிவாக விலைபோகும் இடம் காதர்பேட்டை. செக்கிங் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் அரசு ஒப்பந்தங்களின் நிபந்தனைகளை நினைத்துக்கொண்டேன். மாதிரிக்கு மாறுபட்ட சரக்கை முழுவதும் நிராகரிக்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. இந்த வரியை எத்தனையோ ஒப்பந்தங்களில் நானே தட்டச்சு செய்யச் சொல்லியிருக்கிறேன். அதன் மறுமுனையில் நிற்பது எப்படி இருக்கும் என்று அதுவரை யோசித்ததில்லை.

வீட்டுக்குள் வந்ததும் அவளிடம் முறையாகக் கேட்டேன். சரக்கு ஒத்துவராவிட்டால் ரீ-ஒர்க் செய்ய ஒரு வாய்ப்பு கொடுப்பது பனியன் தொழிலிலும் வழக்கம்தான், வேறு கருவி வாங்கிப் புதுப் பலகைகளில் செய்கிறேன், தீபாவளிக்குள் முடியாமல் போனாலும் அறையைக் கொடுத்துவிடாதே, கொஞ்சம் கால நீட்டிப்பு வேண்டும் என்றேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்தாள். தாளித்தாள். பதில் வரவில்லை. பதில் வராத விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதா, நிலுவையில் இருக்கிறதா என்பதில் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு கட்சி உண்டு. நான் நிலுவைக் கட்சி.

அந்தச் சனிக்கிழமையே கோயமுத்தூருக்கு பஸ் ஏறி, நகைப் பட்டறைச் சாமான்கள் விற்கும் கடையில், மூன்று விலைப்புள்ளிகளில் நடுவிலும் இல்லாத, ஆக உயர்ந்ததாக இருந்த அந்தத் தொங்கு மோட்டாரை வாங்கினேன். காரணம் எழுதும் இடத்தில் என்ன எழுதுவேன் என்று திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். கையில் கனமில்லை, காலுக்கு அடங்குகிறது, கரண்ட் எகிறினாலும் மிதியைத் தளர்த்தினால் போதும், தூசி இழுக்கும் மோட்டார் கைக்கருகே இல்லாமல் விட்டத்தில் இருக்கிறது. இவ்வளவு நல்ல காரணங்களை என் உத்தியோகத்தில் எந்தக் கோப்பிலும் நான் பார்த்ததில்லை. மோட்டாருக்கு ஒரு பழைய பனியனை உறையாகப் போர்த்தினேன். இனி அது திருப்பூர் மோட்டார், பொருத்தமாகத்தான் இருந்தது.

ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் பின்னறைதான். வேலை வேகமாக இல்லை. முடிந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன். அவள் காலையில் விளக்கேற்றும்போது அவற்றைக் கடந்துதான் போக வேண்டும். கடந்து போனாள். அம்புக்குறி எதுவும் ஒட்டவில்லை. பாராட்டும் ஒட்டவில்லை. தம்பி இரண்டு முறை வந்து, அறையின் அகலத்தைப் பணிவாகக் காலடியால் அளந்துவிட்டுப் போனார். மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். இதை அவரே என்னிடம் சொன்னார். பாவம், வேறு யாரிடம் சொல்வார்.

ஆயுத பூஜைக்கு யூனிட்டில் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். மறுநாள் காலை, நல்ல நாள் என்று, தம்பி குளித்துத் திருநீறு பூசி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் அறைக்கான அட்வான்ஸ் கவர் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். ஒரு கதவு மாட்டியாகிவிட்டது. இன்னொன்றுக்குப் பாதிப் பலகைகள் பாக்கி. நான் பட்டறையில் காலை மிதியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எழவில்லை, மிதிக்கவும் இல்லை. அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"உள்ள வாங்க தம்பி, பலகாரம் சாப்பிட்டுப் போங்க. தட்ட மட்டும் எடுத்துட்டுப் போயிருங்க. ரூம்பு காலி இல்லீங்க."

தம்பி தீபாவளி வரைக்கும்தானே என்று ஏதோ கேட்டார்.

"இல்லீங்க தம்பி. இந்தக் கதவு முடிஞ்சதும் டிவிக்குக் கதவு வெச்ச ஸ்டேண்டு ஒண்ணு சொல்லியிருக்கறனுங்க. அதே கொடி. சாம்பிள் எங்கிட்டத்தான் இருக்குது."

டிவி ஸ்டேண்டைப் பற்றி அவள் என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆர்டர் கொடுத்த விவரம் ஆர்டர் எடுத்தவனுக்குச் சுவர் வழியாகத்தான் தெரிந்தது. நடைமுறைப்படி பார்த்தால் அதில் பல குறைகள் உண்டு. நான் எதையும் சுட்டிக்காட்டவில்லை. காலை அழுத்தி மோட்டாரை ஓட விட்டேன்.

புரட்டாசி முதல் வாரத்தில் கால நீட்டிப்புக் கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதில் வந்த தேதி, அந்த வருடத்து விஜயதசமி.