ஸ்டெல்லா வீட்டில் நான் வைத்த பால்

போன மாதம் ஒரு சாயங்காலம். பள்ளிக்கூடம் விட்டு வந்து சைக்கிளை நிறுத்தினேன், செருப்பைக் கழற்றினேன், நேரே சமையலறைக்குப் போய் அடுப்பில் பாலை வைத்தேன். எல்லாம் சரி. வீடுதான் என்னுடையது இல்லை!

எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸ்தான் உங்களுக்குத் தெரியுமே... வாசல், ஜன்னல், சமையல் மேடை எல்லாம் அச்சு அசல் ஒன்று. ஒரு தெரு முன்னாடியே திரும்பிவிட்டேன்.

குளித்துவிட்டு வந்த சிநேகிதி ஸ்டெல்லா அலறவில்லை. "பால் பொங்கப் போவுது பாருங்க டீச்சர். எனக்கும் சேத்து ஒரு காபி போடுங்க" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் குடித்தேன். ஆனால் என் கைப்பையில் ராஜினாமா கடிதம் இருந்தது. முந்தின வாரம்தான் பரீட்சை விடைத்தாள்களை வடலூர் பஸ்ஸில் விட்டிருந்தேன். நல்லவேளை, கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பத்தேழு வயதில் புத்தி பேதலிக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். உயிராக நினைத்த வேலை. விட மனசே இல்லை.

ஸ்டெல்லாவிடம் அழுதேன். அவள்தான் பாண்டிச்சேரியில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

அவரோ, நான் வயசுக்கு வந்த கதையில் ஆரம்பித்தார்! சொன்னேன். சின்ன வயதிலிருந்தே பராக்குதான். வயசுக்கு வந்ததும் கூடியது. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் சாவி, பர்ஸ் எல்லாம் காணாமல் போகும். கர்ப்பமாக இருந்தபோது அதிசயமாக நிதானம். பிரசவம் ஆனதும் பழைய குருடி கதைதான்...

"புத்தி எங்கயும் போகலைம்மா. இது ஏ.டி.எச்.டி. கவனம் ஒரு இடத்துல நிக்காது. சின்ன வயசுலேர்ந்தே உங்ககிட்ட இருக்கு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இறங்கினா கூடும். இப்ப மாதவிலக்கு நிக்கப்போற வயசு, ஏத்த இறக்கம் ஜாஸ்தி. மருந்து இருக்கு. வேலையை எதுக்கு விடறீங்க?"

இத்தனை வருடம் என்னைப் பொறுப்பில்லாதவள் என்று திட்டியவர்களை வரிசையில் நிற்க வைக்கத் தோன்றியது. முதல் ஆளாக நான்தான் நிற்க வேண்டும்!

சுரங்கத்தில் வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறி வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், "அப்ப உன் ஹார்மோனுக்கும் ஷிஃப்ட் டியூட்டியா? எனக்காவது ஒருநாள் ஆஃப் உண்டு" என்றார்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். விடைத்தாள்களைப் பள்ளியிலேயே திருத்திவிடுகிறேன். எங்கள் கேட்டில் ஸ்டெல்லா சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டாள்.

அந்த ராஜினாமா கடிதமா? எங்கே வைத்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. உங்களில் யாராவது கண்டெடுத்தால்... தயவுசெய்து திருப்பித் தர வேண்டாம்!