எழிலரசியின் மலை ரூட்

“உள்ள போங்க, உள்ள போங்க. படிக்கட்டுல நிக்காதீங்க” என்கிறார் எழிலரசி. உள்ளே போவதற்கு அங்கே பேருந்து இல்லை. மலைப்பாதை, இருபுறமும் முள். படிக்கட்டு என்று அவர் சொல்வது, வேர்கள் பின்னிக் கிடக்கும் ஒரு மேட்டை. அதில் மூச்சு வாங்க நின்ற பெண்கள் சிரித்துக்கொண்டே நகர்கிறார்கள்.

சிதம்பரம்–கடலூர் தடத்தில் அவர் அரசுப் பேருந்து நடத்துநர். பொங்கல் கூட்டம் வடிந்ததும் பணிமனைப் பெண்களைத் திரட்டி, ஒரு வேனில் ஏற்றி, திட்டக்குடியும் தாண்டி இந்த மலைக்கு அழைத்து வருகிறார். வனத்துறை அனுமதியை அவரே அலைந்து வாங்குகிறார். உச்சியில் வெள்ளைக்காரன் காலத்துத் தீக்காவல் கோபுரம் ஒன்று நிற்கிறது. காட்டில் புகை கிளம்பினால் முதலில் பார்க்க வேண்டியது அங்கிருப்பவரின் வேலை. சுற்றிப் பார்க்க இந்த இடம்தானா கிடைத்தது என்று, அவர்களைப் பற்றி எழுதக் கூடவே வந்திருந்த நான் கேட்டேன். “நாள் பூரா அடுத்தவங்க முதுகத்தான் பாக்குறேன். ஒரு நாளாச்சும் தூரமா எதையாவது பாக்க வேணாமா சார்?”

மலையிலும் கழுத்தில் விசில். ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் புறப்படு. சமதரையில் நிற்கும்போதுகூட ஒரு காலை அகட்டி, வண்டி குலுங்கப் போகிறது என்பதுபோல நிற்பார். உட்கார மாட்டார். பிறரையும் உட்கார விட மாட்டார். என் தோள்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “புத்தகமா? லக்கேஜ் ஜாஸ்தி, இறங்குனதும் பேசிக்கலாம்” என்றார். சமயத்தில் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி ஆள் வந்து சேராமல் அந்த இரண்டாவது விசில் ஒலித்ததே இல்லை.

கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில், பாதையின் குறுக்கே சுண்ணாம்பில் ஒரு கோடு. பக்கத்தில் மஞ்சள் துணி சுற்றிய கல். ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டலாம்; பெண்கள் தாண்டவே கூடாது. போன வருஷம் வந்தவர்களை இந்தக் கோடுதான் திருப்பி அனுப்பியது. காவலுக்கு அடிவாரத்து ஆள் ஒருவர், கற்பூரத் தட்டோடு. பெயர் செந்தமிழ்செல்வன் என்றார். அந்தப் பெயரை ஆசையாக வைத்த தகப்பனாரை நினைத்துக்கொண்டேன்.

“பொம்பளைங்க தாண்டுனா காடு பத்திக்கும்மா. சாமி குத்தம்.”

“போன வருஷம் நாங்க இங்கயே திரும்பிட்டோம். அப்பறமும் மாசியில பத்துச்சாமே. அது யாரு தாண்டி, அண்ணே?” என்று கேட்டார் எழிலரசி.

செந்தமிழ்செல்வன் தட்டை இடம் மாற்றி வைத்தார். “அது... எவனோ பீடியப் போட்டுட்டான்.”

“அப்ப பீடிக்குக் கோடு போடுங்க. இந்த ரூட்டுல லேடீஸுக்கு ஸ்டாப்பிங் கிடையாது.”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்த வேகத்திலேயே கோட்டை மிதித்துக்கொண்டு தாண்டினார்கள். “ஏதாச்சும் ஆச்சுன்னா எங்கிட்ட வராதீங்க” என்று கத்தியதற்கு மேல் அந்த மனிதரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒருவர் மட்டும் தாண்டவில்லை. தில்லையம்மாள், பணிமனையில் பேருந்துகளைக் கூட்டிக் கழுவுகிறவர். ஒப்பந்த வேலை, ஒரு நாள் விடுப்புக்குப் பத்துப் பேரிடம் கெஞ்ச வேண்டும். கோட்டைப் பார்த்ததுமே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.

“எனக்கு ஒண்ணுன்னா பரவால்ல எழிலு. புள்ளைக்குத் திரும்ப வந்துட்டா?”

போன வருஷம் இங்கிருந்து ஊர் திரும்பிய கையோடு அவர் மகன் ஆகாஷுக்கு டெங்கு. மலைக்குப் போய்க் கோட்டருகே நின்றதால் வந்த வினை என்று மாமியாரும் தெருவும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அவர்கள் வாசலில் மாதக்கணக்காகத் தேங்கி நின்ற சாக்கடைக்கு யாரும் கோடு போடவில்லை. அதைச் சுத்தம் செய்யாதவர்களை எந்தச் சாமியும் கேட்கவில்லை. குற்றவாளி ஒரு தாய். இந்த நாட்டில் அதுதான் சுலபமான கணக்கு. பையனைக் காப்பாற்றியது மருத்துவமனை. அது தில்லையம்மாளுக்கும் தெரியும். தெரிந்தும் கால் நகரவில்லை.

“கொசுவுக்கு எந்தச் சாமி டூட்டி போட்டுச்சுக்கா?” என்று எழிலரசி இந்த ஒரு வருஷமும் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறார். இந்த முறை வேன் பிடித்ததே தில்லையம்மாளுக்காகத்தான். இப்போது கையைப் பிடித்து இழுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். இழுக்கவில்லை. எங்களைப் பார்த்து, “நீங்க முன்னாடி போங்க” என்றார்.

கோபுரம் நான்கு இரும்புக் கால்களில் நிற்கிறது. மேலே மரப்பலகை அறை, சுற்றிலும் திறப்பு. ஏணியில் துரு, ஆனால் ஆட்டமில்லை. தீக்காவலர் சிங்காரம் எங்களைப் பார்த்ததும் ஆச்சரியமாகக் கேட்டார். “தாண்டி வந்துட்டீங்களா? ரொம்ப நல்லது. நான் வேலைக்கு வந்தப்ப அந்தக் கல்லும் இல்ல, கோடும் இல்ல. இந்த இரும்ப அந்தக் காலத்துல தலையில சுமந்து ஏத்துனதே பாதிப்பேரு பொம்பளைங்கதான்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க.”

கிழக்கே கரும்பும் முந்திரியும் கலந்த பச்சை, நடுவே கோடாக வெள்ளாறு. அதற்கப்பால் வெறும் வெளிச்சம். “கடலு தெரியுதா, கடலு தெரியுதா?” என்று மகேஸ்வரி குதித்தார். பயணச்சீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிற பெண். தேவனாம்பட்டினத்து மீனவர் வீடு. “தெரியாதும்மா” என்றார் சிங்காரம். “எங்க வீடு அந்தப் பக்கம்தான்” என்று மகேஸ்வரி விடாமல் கையை நீட்டிக் காட்டினார்.

சிங்காரம் தொலைநோக்கியை என்னிடம் கொடுத்தார். நான் அதைத் தூரத்துக்குத் திருப்பாமல் கீழே திருப்பினேன்.

எழிலரசி கோட்டுக்கு அந்தப் பக்கம் மண்ணில் உட்கார்ந்திருந்தார். எதிரே தில்லையம்மாள் நின்றுகொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து எழிலரசி எழுந்து, வார் அறுந்து தைத்த அந்தச் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். குனிந்து, முனை கோபுரத்தைப் பார்க்கும்படி அவற்றைத் தரையில் வைத்தார். ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தார். பிறகு அங்கேயே குந்திக்கொண்டார்.

ஒரு கால் மெல்லக் கோட்டைக் கடந்து வந்து ஒரு செருப்புக்குள் நுழைந்தது. இன்னொரு செருப்பு சரிவில் வழுக்கிவிடாமல் எழிலரசி அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.